நானூறு மீட்டர்

வாங்கி ஒன்பது நாள்.
பன்னிரண்டு தவணையில் முதலாவதே இன்னும் கட்டவில்லை,
அதற்குள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

விடிகாலை நாலே முக்கால்.
தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் அருகே
இடக்கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.
செயற்கைக்கோள் தேடுகிறதாம்.
கை காட்டுகிறேன் என்று நினைத்து
பால் வண்டிக்காரர் பிரேக் போட்டுவிட்டார்.
"ஒண்ணுமில்லண்ணே, போங்க."
தேடுகிறது.
கருப்பு நாய் வந்து முகர்ந்து சலித்து
போய்ப் படுத்தும்விட்டது.
தேடுகிறது.
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஒன்றுக்கு
நான் கே.கே. நகரில் நிற்பது தெரிந்தாக வேண்டும்.
எனக்குத் தெரிந்தால் போதாது.

ஓடத் தொடங்கினால் வேர்வை.
சென்னை வேர்வை அதற்குப் புதிது.
சொட்டு விழுந்தால் விரல் என்று எடுத்துக்கொள்கிறது.
நிறுத்தச் சொன்னேனாம், நிறுத்திவிட்டது.
இரண்டாவது சொட்டில் நீச்சலுக்கு மாறியது.
இந்த ஆகஸ்ட்டில்
அதை முழுப்பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

ஆற்காடு சாலையில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே போனால்
அதற்குப் பித்துப் பிடித்துவிடும்.
வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் திறந்தால்
குடிகாரன் போட்ட கையெழுத்து.
நேராகத்தான் ஓடினேன்.
ஆனால் கோடு
பூட்டிய நகைக்கடையின் ஷட்டருக்குள் புகுந்து
பின்பக்கமாக வெளியேறி
யார் வீட்டுச் சமையலறையையோ கடந்து
கல்யாண மண்டபத்துப் பந்தி நடுவே இருமுறை வளைந்து
தபால் நிலையக் கூரைமேல்
கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் பத்து நொடியில் பறந்திருக்கிறது.
வாழ்த்து வேறு: உன் வாழ்நாளின் அதிவேகம்!
வாழ்நாள் என்று அது சொல்வது
அந்த ஒன்பது நாளை.

எனக்கு நாற்பத்து நாலு வயது.
ஆய்வகத்தில் நாள் முழுக்க
பிறர் ரத்தத்துக்கு எண் எழுதுகிற வேலை.
புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்தால்
ஒரு குடும்பமே வராந்தாவில் உட்கார்ந்து அழும்.
அதனால்தான் இவ்வளவு கோபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோபம் வந்ததும் மணிக்கட்டில் அதிர்கிறது:
பதற்றமாக இருக்கிறாய், ஒரு நிமிடம் மூச்சை இழுத்து விடு.
யாரால், சனியனே?

மெஹருன்னிசா என்னோடு ஓடுபவள்.
அவளுடையது பழைய கடிகாரம்,
வார் அறுந்து, பச்சை ரிப்பனில் கட்டியிருக்கிறாள்.
தோளோடு தோள், ஒரே சாலை,
ஒரே பள்ளம், ஒரே தாண்டல்.
ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பத்து கிலோமீட்டர்.
எனக்கு ஒன்பது புள்ளி ஆறு.
"வளைவுல நீ உள்பக்கமா வந்திருப்பே."
நானூறு மீட்டர் உள்பக்கமாகவா?
நான் கேட்டதும் சிரித்தாள் பாருங்கள்,
இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டு
அவரும் சிரித்தார், என்னவென்று தெரியாமலே.

ஆக, அந்த நானூறு மீட்டரை
என் காலை வைத்துக்கொண்டு யார் ஓடியது?
வலி மட்டும் முழுப் பத்துக்கும் இருக்கிறதே.

விட மனமில்லை.
வீட்டு வாசலில் நிற்காமல்
ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து இஸ்திரி வண்டிவரை,
இஸ்திரி வண்டியிலிருந்து ட்ரான்ஸ்ஃபார்மர்வரை.
ஒன்பது புள்ளி ஆறு ஏழு.
மறுபடி.
ஒன்பது புள்ளி ஆறு ஏழு.
மணிக்கட்டில் வைத்த கண்ணை எடுக்காமல்
குனிந்த தலையோடு மறுபடி.

எதிர் அடுக்ககத்துக் காவலாளி பொன்னுரங்கம்
நாலு சுற்று பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.
"இன்னாம்மா, எதுனா தொலைச்சிட்டியா?"
"ஆமாண்ணே."
"கம்மலா?"
சொல்ல மூச்சு இல்லை. தலையை ஆட்டினேன்,
எந்தப் பக்கம் ஆட்டினேனோ.
விடிந்தும் விடியாத வெளிச்சத்தில்
டார்ச்சைத் தரையில் அடித்தபடி அவர் முன்னே நடக்க
நானும் குனிந்து பின்னே.

சாக்கடை மூடியருகே ஏதோ மின்னியது.
இருவரும் நின்றோம்.
சோடா மூடி.
"இது இல்லையே?"
"இல்ல."

கடிகாரம் அதிர்ந்தது:
ஓட்டம் முடிந்ததா?